மாமல்லபுரத்தில் சிற்பம் பார்க்கப் பழகுவது எப்படி?

மாமல்லபுரத்துக்குப் போய் வந்தவர்கள் நம்மில் ஏராளம். சிற்பத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் குறைவு. வேனிலிருந்து இறங்கி, சரிவில் நிற்கும் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் படம் எடுத்து, அர்ச்சுனன் தபசின் முன்னால் ஐந்து நிமிடம், ரதங்களில் ஒரு சுற்று, கடற்கரைக் கோயிலில் இன்னொரு சுற்று, பிறகு அலையில் கால் நனைத்து, வறுத்த மீன் சாப்பிட்டுத் திரும்பும் பயணத்தில் சிற்பத்துக்கு எங்கே நேரம்? அப்படிப் பார்த்துத் திரும்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கையும் இலக்கணத்தையும் சொல்லிக்கொடுத்த பள்ளிகள், ஒரு சிற்பத்தின் முன்னால் எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. சமஸ்கிருதமோ ஆகமமோ தெரியாதவருக்கும் சில மணி நேரத்தில் கைவரக்கூடிய பழக்கம்தான் அது.

முதன்முறை போகிறவர்களுக்காகவும், பலமுறை போயும் மனத்தில் எதுவும் தங்கவில்லையே என்று வருந்துபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கலையின் பொருள் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்ற கேள்விக்குப் பெரிய பெரிய பதில்கள் உண்டு. எனக்குத் தெரிந்த பதில் சிறியது. செய்தவருக்கு என்ன சிக்கல் இருந்தது, அதை அவர் எப்படித் தீர்த்தார் என்பதை நம் கண்ணாலேயே கண்டுபிடிக்கும்போது ஒரு கலைப்படைப்பு நமக்குச் சொந்தமாகிறது. மாமல்லபுரம் அதற்கு வாகான ஊர். ஊரின் பாறைகளை நான்கு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். பாறையைக் குடைந்து மண்டபம் ஆக்கினார்கள். பாறையை வெளியிலிருந்து செதுக்கி முழுக் கோயிலையே எடுத்தார்கள். பாறையின் முகப்பில் புடைப்புச் சிற்பம் வடித்தார்கள். கல்லை வெட்டி அடுக்கிக் கோயில் கட்டினார்கள். நான்கையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

அதிகம் வேண்டாம். மூன்று பல்லவ மன்னர்கள் போதும். ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், அவன் மகன் மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் (630–668), எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன்.

மகேந்திரவர்மனிலிருந்து தொடங்குங்கள். அவன் பெருமளவு பணி செய்தது இந்த ஊரில் அல்ல என்றாலும், திறவுகோல் அவனிடம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் அவன் குடைவித்த கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை என்ற சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் பிரம்மாவுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் அமைத்த கோயில் இது என்று அது சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அதுவரை இங்கே கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பதை அந்த 'இல்லாமல்'கள் காட்டிக்கொடுக்கின்றன. மரக் கோயிலும் செங்கல் கோயிலும் கட்டிப் பழகியவர்கள் முதல்முறையாகக் கருங்கல்லின் முன்னால் நின்ற காலம் அது. சித்திரகாரப்புலி என்றும் அந்த மன்னனுக்குப் பட்டம் உண்டு. மத்தவிலாசம் என்ற அங்கத நாடகத்தை எழுதியவனும் அவனே. கோயிலும் ஓவியமும் நாடகமும் ஒரே அரசவையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வளர்ந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நுழையுங்கள்.

எதை யார் செய்வித்தார் என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பெரும்பான்மையும் மாமல்லன் காலத்தது என்பது நெடுநாள் கருத்து. இங்குள்ள எல்லாமே ராஜசிம்மன் பணி என்று தொல்லியலாளர் இரா. நாகசாமி 1962 இல் வாதிட்டார். அந்த வழக்கில் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வழிகாட்டி ஒருவர் அடித்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது

எந்தச் சிற்பத்தை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதைப் பலரும் யோசிப்பதே இல்லை. புடைப்புச் சிற்பம் நிழலால் உயிர் பெறுவது. உச்சி வெயிலில் பார்த்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும்.

அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கியது. மகிடாசுரமர்த்தினி மண்டபமும் கிழக்கு நோக்கியது. இரண்டையும் காலையில் பாருங்கள். ஐந்து ரதங்களில் வரிசையாக நிற்கும் நான்கும் மேற்கு நோக்கியவை. அவற்றுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போகலாம். குன்றின் மேற்குச் சரிவில் இருக்கும் வராக மண்டபத்துக்கும் அதுவே நல்ல நேரம். கடற்கரைக் கோயிலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் டிக்கெட் உண்டு. ஒன்றில் வாங்கியது அன்றைய தினம் மற்றதற்கும் செல்லும் என்பதால் பத்திரமாக வைத்திருங்கள். தபசுப் பாறை தெருவோரத்தில் இருக்கிறது, யாரும் எப்போதும் பார்க்கலாம்.

தண்ணீர், தொப்பி, பாறையில் வழுக்காத செருப்பு. ஒரு சிறு நோட்டும் பென்சிலும் கட்டாயம். வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம், அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் தபசின் மேல்வரிசைகளைப் பார்க்க உதவும். சிற்பத்தைத் தொடாதீர்கள், ஆயிரக்கணக்கான கைகளின் எண்ணெய்ப் பிசுக்குக் கல்லின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முற்றுப்பெறாத வேலையை முதலில் பாருங்கள்

தபசுப் பாறைக்கு நேர் எதிரே நின்றால் இடக்கைப் பக்கம் ஒரு பெரிய குடைவரை தெரியும். பஞ்சபாண்டவர் மண்டபம் என்பார்கள். எல்லாரும் கடந்து போகும் அந்த இடத்தில் உங்கள் நாளைத் தொடங்கச் சொல்கிறேன்.

முன்வரிசையில் சிங்கத் தூண்கள் ஓரளவு முடிந்திருக்கின்றன. உள்ளே கருவறையைச் சுற்றி வருவதற்கு வழி வெட்டத் தொடங்கி, பாதியில் விட்டிருக்கிறார்கள். முடிந்த தூணையும் முடியாத சுவரையும் மாறி மாறிப் பாருங்கள். உளி எங்கே கரடுமுரடாக இறங்கியிருக்கிறது, எங்கே மென்மையாகியிருக்கிறது என்பது தெரியும். இந்த ஊரின் முற்றுப்பெறாத குடைவரைகள் சிலவற்றில் பாறை முகப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களைச் சுற்றி வாய்க்கால்போல் வெட்டி, நடுவில் துருத்தி நிற்கும் சதுரங்களை உடைத்துத் தள்ளியிருப்பதைக் காணலாம். அதே முறையில் இன்னொரு அடுக்கு, இன்னொரு அடுக்கு என்று பாறைக்குள் போயிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி ஊர் எளிதாகிவிடும். மண்ணில் செய்பவர் சேர்த்துக்கொண்டே போகலாம்; தப்பினால் அழித்துவிட்டு மறுபடி செய்யலாம். பாறையில் எடுக்க மட்டுமே முடியும். எடுத்ததை ஒட்ட வழியில்லை. ஒரு தூண் நிற்க வேண்டிய இடத்தில் கல்லைத் தவறுதலாக வெட்டி எறிந்துவிட்டால் அங்கே தூண் இல்லை. ஆகவே முதல் உளியடி விழும் முன்பே முழு மண்டபமும் ஒருவர் மனத்தில் அளவோடு இருந்திருக்க வேண்டும்.

அர்ச்சுனன் தபசு: அவசரப்படாத அரை மணி நேரம்

இப்போது பெரிய பாறைக்கு வாருங்கள். ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், மூன்று மாடிக்குக் குறையாத உயரம், நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். அருகே போகாதீர்கள். சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்று, எந்த உருவத்தையும் அடையாளம் காண முயலாமல், எல்லாரும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். வானத்தில் பறந்து வரும் தேவர்கள், யானைகள், வேடர்கள், முனிவர்கள் எனப் பெரும்பாலோரும் நடுவிலிருக்கும் ஒரு பிளவை நோக்கி வருகிறார்கள்.

அந்தப் பிளவு சிற்பி வெட்டியதல்ல. பாறையில் இயற்கையாகவே இருந்தது. வேறொருவராக இருந்தால் இந்தப் பாறை வேண்டாம், விரிசல் இருக்கிறது என்று ஒதுக்கியிருப்பார். இவர்கள் விரிசலையே ஆறாக்கிவிட்டார்கள். பிளவுக்குள் கைகூப்பி மேலெழும் நாகர்களைப் பாருங்கள். பாறையின் உச்சியில் நீர் தேக்கி வைத்ததற்கான தடயம் உண்டு. விழா நாட்களில் அங்கிருந்து நீரை வழியவிட்டிருக்கக்கூடும். நீர் இறங்கும்போது நாகர்கள் நனைந்து மினுங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சிக்கலைத் தீர்ப்பது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி நெருங்கிப் போகலாம். பிளவுக்கு இடப்புறம், மேலே, ஒற்றைக்காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திய தவசி. விலா எலும்புகள் தெரிகின்றன. பக்கத்தில் அவரைவிட உயரமாகச் சிவன், ஒரு கை வரமளிக்கும் நிலையில், சுற்றிலும் பூதகணங்கள். அவருக்குக் கீழே சிறு கோயில் ஒன்று, உள்ளே விஷ்ணு, வாசலில் தவக்கோலத்தில் அமர்ந்த முனிவர்கள். அதற்கும் கீழே, பிளவை ஒட்டி, ஆற்றங்கரை. குளித்துவிட்டு ஈரத்துணியைப் பிழியும் ஒருவர். குடத்தைத் தோளில் சுமக்கும் ஒருவர். விரல்களுக்கிடையே சூரியனைப் பார்த்து வணங்கும் ஒருவர். இன்றைக்கும் காவிரிக் கரையில் ஒரு விடியற்காலை போனால் இதே மூன்று பேரையும் காணலாம். பக்கத்திலேயே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. புராணத்துக்கு அந்த மான் தேவையே இல்லை. மானை நெடுநேரம் பார்த்திருந்த ஒருவர், அதைக் கல்லில் வைக்காமல் விட மனமில்லாமல் வைத்திருக்கிறார்.

வலப்புறம் யானைகள். பெரிய யானையின் கால்களுக்கிடையே குட்டிகளைத் தேடுங்கள். அதன் துதிக்கைக்கு முன்னால் ஒரு பூனை, மேலே நிற்கும் தவசியைப் போலவே இரு முன்னங்கால்களையும் தூக்கி நின்று தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். தவசி வேடம் போட்டு எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. மேலே உண்மைத் தவம், கீழே போலித் தவம், இரண்டுக்கும் ஒரே நிலை. அங்கத நாடகம் எழுதிய மன்னனின் குலத்தார் இந்தப் பூனைக்கு இடம் கொடுத்ததில் வியப்பில்லை.

தவசி யார்? சிவனிடம் பாசுபதம் என்ற படைக்கலத்தை வேண்டிய அர்ச்சுனன் என்பது ஊர் வழக்கு. கங்கையை இறக்கிய பகீரதன் என்ற கருத்தை 1914 இல் அறிஞர் கொலுபேவ் முன்வைத்தார். வரமளிக்கும் சிவன் இரண்டுக்கும் பொருந்துகிறார். நாகர்களும் ஆற்றங்கரையும் பகீரதன் பக்கம் இழுக்கின்றன. வேடர்களும் காடும் அர்ச்சுனன் பக்கம் இழுக்கின்றன. இரண்டு கதையும் ஒருசேரத் தோன்றும்படி வேண்டுமென்றே செய்தார்கள் என்பாரும் உண்டு. நான் அவர்களோடு சேர்ந்தவன். சிலேடையை ரசித்த அவை, கல்லிலும் சிலேடை கேட்டிருக்கும் என்பது என் எண்ணம். நீங்கள் உங்கள் முடிவுக்கு வாருங்கள். ஆனால் முடிவுக்குச் சான்றாகப் பாறையில் ஓர் உருவத்தையாவது விரல் நீட்டிக் காட்டுங்கள்.

இப்போது நோட்டை எடுங்கள். ஏதாவது ஓர் உருவத்தை, மானையே எடுத்துக்கொள்ளலாம், பத்து நிமிடம் வரையுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை, யாரிடமும் காட்ட வேண்டியதுமில்லை. முதுகுக் கோடு எங்கே வளைகிறது என்று கை தேடும்போதுதான் கண் உண்மையில் பார்க்கத் தொடங்குகிறது. கைப்பேசியில் ஐம்பது படம் எடுப்பதால் இது கிடைக்காது.

ஒரே மண்டபத்தில் போரும் உறக்கமும்

குன்றின் மேல் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மகிடாசுரமர்த்தினி மண்டபம் இருக்கிறது. உள்ளே போய் நடுவில் நில்லுங்கள். வலப்புறச் சுவரில் எருமைத்தலை அசுரனோடு போரிடும் துர்க்கை. இடப்புறச் சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால்.

வலப்புறத்தில் தொடங்குங்கள். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு வில்லை வளைத்து வரும் துர்க்கையும் அவள் படையான பூதங்களும் ஒரே வேகத்தில் முன்னோக்கிச் சாய்கிறார்கள். எதிரே மகிடன் கதாயுதத்தைப் பிடித்தபடி பின்னோக்கிச் சாய்கிறான். அவன் இன்னும் சாகவில்லை, தோற்றும் போகவில்லை. முடியும் குடையும் அவனுக்கு இருக்கின்றன. துர்க்கையைவிடப் பேருருவம் அவனுக்கு. ஆனால் யார் வெல்லப்போகிறார் என்பதில் பார்ப்பவருக்கு ஒரு துளியும் ஐயம் எழாது. முகபாவத்தைக் காட்டாமல், ரத்தத்தைக் காட்டாமல், இரண்டு சாய்வுகளை மட்டும் வைத்து முடிவைச் சொல்லிவிட்டார் சிற்பி. உங்களுக்குக் கூச்சமில்லை என்றால் மகிடனைப்போலப் பின்னால் சாய்ந்து நின்று பாருங்கள். எடை எந்தக் காலுக்குப் போகிறது என்பதை உடல் சொல்லும். நாட்டியம் பயிலும் பிள்ளைகள் இதை நம்மைவிட விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

பிறகு அப்படியே திரும்புங்கள். எதிர்ச்சுவரில் எல்லாம் கிடைக்கோடு. திருமாலின் உடல் நீண்டு கிடக்கிறது. தோள் முதல் பாதம் வரை எந்த இறுக்கமும் இல்லை. காலடியில் மது, கைடபன் என்ற அசுரர்கள் தாக்கத் தயாராகி நிற்க, அந்தப் பதற்றம் உறங்குபவரை எட்டவே இல்லை. சாய்கோடு போரைச் சொன்னது. கிடைக்கோடு அமைதியைச் சொல்கிறது. இரண்டையும் எதிரெதிரே வைத்தவர் நாம் நடுவில் நின்று திரும்பிப் பார்ப்போம் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

கொற்றவையைத் தேடிக்கொண்டு போங்கள்

முதன்முறை வருபவர்கள் எல்லாச் சிற்பத்தையும் நினைவில் வைக்க முயன்று களைத்துப்போகிறார்கள். ஒரே ஓர் உருவத்தைத் தேர்ந்துகொண்டு ஊர் முழுக்கத் தேடுங்கள். என் பரிந்துரை கொற்றவை, அதாவது துர்க்கை.

போர்க்களத்தில் இப்போதுதான் பார்த்தீர்கள். மும்மூர்த்தி மண்டபத்துக்குப் போனால் அங்கே அவள் போர் முடித்து, வெட்டுண்ட எருமைத்தலையின் மேல் நிற்கிறாள். எருமையின் கருந்தலைமேல் நின்ற கொற்றவையைச் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி பாடுகிறது. பாட்டில் இருந்தவள் கல்லுக்கு வந்திருக்கிறாள். திரௌபதி ரதத்தின் உள்ளே அவளே தாமரையில் நிற்க, காலடியில் ஒரு பக்தன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க முனைகிறான். வராக மண்டபத்திலும் அந்தக் காட்சி உண்டு. கடற்கரைக் கோயில் வளாகத்தில் ஒரு கல் சிங்கம். அதன் மார்பைக் குடைந்த சிறு மாடத்துக்குள் அவள் மிகச் சிறியவளாக இருக்கிறாள்.

தெய்வம் ஒன்றுதான். பாட்டில் அவள் வேடர்களின் தாய். மண்டபச் சுவரில் அவள் போரின் வேகம். ரதத்தின் இருட்டறையில் அவள் முன்னால் நமக்கே சற்று அச்சம் வருகிறது. சிங்கத்தின் மார்பில் குனிந்து தேட வேண்டிய மறைபொருள். வடிவம் மாறினால் உணர்வும் மாறுகிறது என்பதை எந்த விளக்க உரையும் இல்லாமல் இந்தத் தேடல் காட்டிவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் கொற்றவைக்குப் பதிலாகச் சிங்கத்தையோ யானையையோ தேடச் சொல்லலாம். அவர்கள் உங்களுக்கு முன்னால் ஓடிக் கண்டுபிடிப்பார்கள்.

ஐந்து ரதங்கள்

பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. பிற்காலத்தார் சூட்டிய பெயர்கள். தேருமல்ல. ஒவ்வொன்றும் ஒரு கோயில் வடிவம், பாறையிலிருந்து அப்படியே செதுக்கி எடுத்தது.

மண்டகப்பட்டு கல்வெட்டை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். திரௌபதி ரதத்தின் கூரை, வேய்ந்த குடிசையின் கூரை. பீம ரதத்தின் கூரை, நீண்ட வண்டிக் கூண்டு. கூரை விளிம்பின் கீழே உத்தரமும் கைமரமும் கல்லில் தெரிகின்றன. கல்லுக்கு உத்தரம் தேவையில்லை. மரக் கட்டடத்தில்தான் கூரையைத் தாங்க அது வேண்டும். அழிந்துபோன மரக் கோயில்களின் தச்சு வேலையைச் சிற்பிகள் கல்லில் எழுதி வைத்துவிட்டார்கள். இன்றைக்குத் தமிழகத்தில் ஏழாம் நூற்றாண்டு மரக் கோயில் ஒன்றுகூட இல்லாதபோது, அவை எப்படி இருந்திருக்கும் என்று அறிய இந்தக் கற்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

நுழைந்ததும் ஒரு கல் யானையின் பின்புறம் தெரியும். அதன் முதுகு வளைவையும் பக்கத்திலிருக்கும் சகாதேவ ரதத்தின் பின்புற வளைவையும் ஒன்றாகப் பாருங்கள். அந்த வகைக் கோயிலுக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். யானையைத் தற்செயலாக அங்கே நிறுத்தினார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தர்மராஜ ரதத்தைச் சுற்றி வந்து மூலைகளில் உள்ள உருவங்களைப் பாருங்கள். அர்த்தநாரியை விட்டுவிடாதீர்கள். ஒரே உடலில் ஒரு தோள் அகலம், மறு தோள் மென்மை. நடுக்கோட்டில் ஆணும் பெண்ணும் எந்தத் தையலும் தெரியாமல் சேர்கிறார்கள். பிறகு தலையை நிமிர்த்தி மேல்தளங்களைப் பாருங்கள், அவை முடிந்திருக்கின்றன. கீழ்த்தளம் அரைகுறை. கட்டடம் என்றால் அடித்தளத்திலிருந்து மேலே போகும். இங்கே உச்சியிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்கள், பாதியில் நின்றுவிட்டது.

கடற்கரைக் கோயில்

ராஜசிம்மன் காலத்தில் கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. இரண்டு சிவன் சன்னிதிகள். இடையில் பள்ளிகொண்ட பெருமாள். கருவறைப் பின்சுவரில் சிவனும் உமையும் நடுவே குழந்தை முருகனுமாகச் சோமாஸ்கந்தர். ராஜசிம்மன் கோயில்களின் அடையாளம் அது. கூட்டம் இங்கேதான் அதிகம், சிற்ப நுணுக்கம் இங்கேதான் குறைவாக மிஞ்சியிருக்கிறது. உப்புக்காற்று நூற்றாண்டுகளாக முகங்களை அரித்துவிட்டது. கடல் பக்கம் பாறைகளைக் கொட்டி அரண் அமைத்து, சவுக்கு வளர்த்துக் காக்கிறார்கள். முகம் போன பிறகும் சில உருவங்கள் நின்ற நிலையிலேயே அடையாளம் தெரிகின்றன. அவற்றை மட்டும் தேடிப் பாருங்கள். பிறகு சற்றுத் தள்ளி உட்கார்ந்து விமானத்தின் உயர்ந்து ஒடுங்கும் வடிவத்தை ரசித்தால் போதும்.

உளிச்சத்தம் கேட்கும் பட்டறைகள்

நண்பகல் வெயிலில் குன்றில் அலைய வேண்டாம். அந்த நேரத்தைப் பட்டறைகளுக்குக் கொடுங்கள். இந்த ஊரில் சிற்பம் பழங்கதையல்ல. 1957 இல் அரசு இங்கே தொடங்கிய பயிற்சி நிலையம் இன்று கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து, கல், மரம், உலோகம், சுதை, ஓவியம் ஆகியவற்றில் மரபு வழியில் மாணவர்களை உருவாக்குகிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

பட்டறையில் நுழையும் முன் அனுமதி கேளுங்கள். "ஐயா, கொஞ்ச நேரம் வேலையைப் பார்க்கலாமா?" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். விலையை விட்டுவிட்டு வேலையைப் பற்றிக் கேளுங்கள். இந்தக் கல் எங்கிருந்து வந்தது? முக நீளத்தை அலகாகக் கொண்ட தாலக் கணக்கில் இந்த உருவம் எத்தனை தாலம்? தட்டினால் எழும் ஒலியை வைத்து ஆண்கல், பெண்கல் என்று பிரிப்பது எப்படி? கண்ணைக் கடைசியில் திறப்பது ஏன்? கேள்வியில் மரியாதை இருந்தால் உளியைக் கீழே வைத்துவிட்டு விளக்குபவர்கள் இருக்கிறார்கள். கல் அறுக்கும் இயந்திரத்தின் அருகே அதிக நேரம் நிற்காதீர்கள்; அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதை நாள் முழுக்கச் சுவாசிப்பவர்களின் உடல்நலமும் கலையின் விலையில் அடங்கும் என்பதை வாங்குபவர்கள் மறக்கக் கூடாது.

வாங்குவதானால் சில எச்சரிக்கைகள். மாக்கல் மென்மையானது, நகத்தால் கீறினாலே கோடு விழும். சிறு உருவங்கள் அதில் மலிவாகக் கிடைக்கும், அதில் தவறில்லை. கருங்கல் என்று சொல்லி விற்பது கருங்கல்தானா என்று பாருங்கள். கல்தூளில் பசை கலந்து அச்சில் வார்த்த பொம்மைகளும் கடைகளில் உண்டு. ஒன்றுபோலவே பத்து நின்றால், பின்புறம் வழவழவென்று உளித்தடமே இல்லாமல் இருந்தால், பக்கவாட்டில் அச்சின் கோடு தெரிந்தால் அது வார்ப்பு. பட்டறையில் நேரடியாக வாங்கினால் எத்தனை நாள் வேலை என்று கேட்டு, அந்த நாட்களுக்கு ஒரு தேர்ந்த கைவினைஞரின் கூலி என்ன ஆகும் என்று மனத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு பேரம் பேச எனக்கு வாய் வந்ததில்லை.

திரும்பிய பிறகு

அன்றிரவே நோட்டில் ஐந்து வரி எழுதிவிடுங்கள். எந்த உருவத்தின் முன்னால் அதிக நேரம் நின்றீர்கள், ஏன் என்று மட்டும் எழுதினால் போதும். 'அழகாக இருந்தது' என்று எழுதுவதைத் தவிருங்கள். எந்தக் கோடு, எந்தச் சாய்வு, எந்த வெற்றிடம் என்று எழுதுங்கள். டிசம்பர், ஜனவரியில் இங்கே நடக்கும் நாட்டிய விழாவுக்கு ஒருமுறை வர முடிந்தால், மேடையில் காணும் நிலைகளைப் பகலில் வரைந்த உருவங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்த பயணம் காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலாக இருக்கட்டும். அதுவும் ராஜசிம்மன் எடுப்பித்தது. அங்கே சுவர்கள் மணற்கல். மாமல்லபுரத்துக் கடுங்கல்லில் அளவோடு நின்ற உளி, மென்மையான கல் கிடைத்ததும் எப்படி நெருக்கமாக, அடர்த்தியாக ஓடியிருக்கிறது என்பதை ஒப்பிடுங்கள். சுற்றுச்சுவரை ஒட்டி 58 சிறு சன்னிதிகள் இருக்கின்றன. சிலவற்றின் உள்ளே பல்லவர் கால வண்ணத் தீட்டலின் மிச்சங்கள் தெரியும். பல்லவர்களின் ஓவியக்கலையை நேரில் பார்க்கக் கிடைக்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. வழிபாடு நடக்கும் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.